கடலோரக் கோட்டைத் தளபதியின் போர்க்காலக் கடிதங்கள்: பினாங்கு வாசகர்களுக்கான கேள்வி பதில்

பெரியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டிலோ அலுவலகத்திலோ கிராணியாக, சமையற்காரராக, டிரைவராக, டிரஸராக வேலை பார்த்த குடும்பங்களில் சில நேரம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் யாரோ ஓர் ஆங்கில அதிகாரியின் கடிதக் கட்டு. லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கி வந்தவர்களும் உண்டு. 1939 முதல் 1945 வரை பினாங்குக் கரையோரப் பீரங்கிகளோடும் கோட்டைத் தலைமையகத்தோடும் தொடர்புள்ள அதிகாரிகளின் கடிதங்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். கையெழுத்தைப் படிப்பதைவிட உறையையும் அடுக்கையும் காப்பாற்றுவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். காரணம் போகப் போகப் புரியும்.

கட்டு கைக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பிரிக்காதீர்கள். கட்டியிருக்கும் நிலையிலேயே மேலிருந்தும் நான்கு பக்கங்களிலிருந்தும் கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எண்ணை 2பி பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்துக் கீழ் மூலையில் எழுதினால் போதும். பேனா வேண்டாம், ஒட்டும் சீட்டும் வேண்டாம்.

தேதி வாரியாக அடுக்கிவிடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதை ஸ்கேன் செய்த பிறகு கணினியில் செய்துகொள்ளலாம். கடிதத்தைப் பெற்றவர் எந்த வரிசையில் வைத்திருந்தார், எந்த உறைக்குள் எந்தத் தாள் இருந்தது என்பதெல்லாம் சான்றுகள். ஒரு முறை கலைத்துவிட்டால் திரும்ப வராது. உறையிலிருந்து ஸ்டாம்பைக் கத்தரிப்பது அதைவிட மோசம். தபால் முத்திரையின் பாதி ஸ்டாம்பின் மேல்தான் இருக்கும்.

எந்தக் கோட்டை? கார்ன்வாலிஸ் கோட்டையா?

அநேகமாக இல்லை. ஜார்ஜ் டவுன் கடற்கரையில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டை பிரான்சிஸ் லைட் காலத்தது. இரண்டாம் உலகப் போரில் அது தற்காப்பு அரணாகப் பயன்படவில்லை. போருக்கென்று 1930களில் கட்டப்பட்டது தீவின் தென்கிழக்கு முனையில் பத்து மவுங் குன்றின் மேல் உள்ள அரண். தெற்கு நீர்வழியாக வரும் கப்பல்களைத் தடுக்க அங்கே 6 அங்குலப் பீரங்கிகள் வைக்கப்பட்டன. ஒரு குண்டின் எடை 100 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 45 கிலோ. அந்த இடம் 2002 முதல் போர் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கடிதத்தில் ‘ஃபோர்ட்ரஸ்’ என்று வந்தால் ஒரே ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ராணுவ வழக்கில் பினாங்கு ஃபோர்ட்ரஸ் என்றால் தீவும் அதன் காவற்படையும் சேர்ந்த முழு அமைப்பு.

‘தளபதி’ என்றால் எந்தப் பதவி?

இதைச் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆளே மாறிவிடுவார். ஃபோர்ட்ரஸ் முழுவதற்கும் பொறுப்பு ஒரு பிரிகேடியர். 1941இல் பினாங்கில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பிரிகேடியர் லயன். கரையோரப் பீரங்கி ரெஜிமென்டுக்கு லெஃப்டினன்ட் கர்னல். ஒரு பேட்டரிக்கு, அதாவது இரண்டு பீரங்கியும் அவற்றின் ஆட்களும் சேர்ந்த அலகுக்கு, மேஜர். வீட்டில் ‘கோட்டைத் துரை’ என்று சொல்லிவந்தவர் பெரும்பாலும் இந்த மேஜராகத்தான் இருப்பார். உறையின் கீழ் இடது மூலையில் கையொப்பத்துக்கு அடியில் பதவி எழுதியிருக்கும். அதை முதலில் பாருங்கள்.

பீரங்கி இயக்கியவர்கள் யார் என்றும் கேட்கிறார்கள். ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் ஆர்ட்டிலரி என்ற படையில் அதிகாரிகள் ஆங்கிலேயர்கள், சிப்பாய்கள் பெரும்பாலும் பஞ்சாபில் சேர்க்கப்பட்ட சீக்கியரும் முஸ்லிம்களும்.

கோட்டையைப் பற்றியே ஒரு வரியும் இல்லையே. வெயிலும் டென்னிசும் நாயும்தான் இருக்கிறது. போலிக் கடிதமா?

அப்படி இருந்தால்தான் உண்மைக் கடிதம் என்று நம்பலாம். பீரங்கியின் எண்ணிக்கையும் சுடும் தூரமும் விவரமாக எழுதிய போர்க்காலக் கடிதம் கையில் கிடைத்தால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

இருக்கும் இடம், படைப்பிரிவின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, ஆயுதம், கப்பல் நடமாட்டம், அரண் வேலை, எதிரியின் குண்டுவீச்சால் ஏற்பட்ட சேதம் ஆகிய எதையும் எழுதக் கூடாது என்பது விதி. சாதாரண சிப்பாயின் கடிதத்தை அவருடைய பிரிவு அதிகாரியே பிரித்துப் படித்துத் தணிக்கை செய்வார். அதிகாரியின் கடிதத்தை அப்படி யாரும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதில்லை. விதிப்படிதான் எழுதியிருக்கிறேன் என்று அவரே உறையின் மேல் கையொப்பம் இடுவார், அதன் பக்கத்தில் தணிக்கை முத்திரை விழும். ஆனால் பின்தளத் தணிக்கை நிலையத்தில் எந்தக் கடிதத்தையும் எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். தன் ஆட்களின் கடிதங்களில் கத்தரிக்கோல் வைத்துப் பழகியவர் தன் கடிதத்தில் எதை எழுதினால் வெட்டுவார்கள் என்று நன்றாகவே அறிந்திருப்பார். அதனால் அவர் கடிதத்தில் வெட்டு இருக்காது. எழுதாமல் விட்டதுதான் அங்கே வெட்டு.

ஆகவே, இந்தக் கடிதங்களை வரிக்கு வரி போர்ச் செய்தி தேடிப் படித்தால் ஏமாற்றம்தான். தொடர்ச்சியாகப் படியுங்கள். வாரம் ஒன்று எழுதியவர் திடீரென மூன்று வாரம் எழுதவில்லையா? நான்கு பக்கம் எழுதியவர் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாரா? மனைவியைப் பள்ளி விடுமுறைக்கு வரச் சொன்னவர் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாரா? வெளியில் நடந்ததன் நிழல் இப்படித்தான் விழும்.

இன்னொன்று: கடிதம் கடலில் தொலைவது சகஜமாக இருந்ததால் பல தம்பதிகள் கடிதங்களுக்கு எண் போட்டார்கள். தலைப்பில் ‘14’, ‘15’ என்று தனியாக ஓர் எண் இருந்தால் அது பக்க எண் அல்ல. 15க்குப் பிறகு 18 வந்தால் இரண்டு கடிதம் வந்து சேரவில்லை, அல்லது கட்டிலிருந்து பிரிந்துபோயிருக்கிறது.

உறையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அச்சடித்த சீட்டு என்ன?

தணிக்கையாளர் உறையின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, படித்து, மீண்டும் ஒட்டிய சீட்டு. ‘எக்ஸாமினர் திறந்தார்’ என்ற பொருளில் ஆங்கில வாசகமும் ஓர் எண்ணும் இருக்கும். அதைப் படக்கென்று உரித்துவிடாதீர்கள். கடிதத்தை எடுக்க வேண்டுமானால் சீட்டு இல்லாத பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

‘பி.ஓ.பி.’, ‘டி.ஈ.எல்.’, ‘எக்ஸ்.டி.ஓ.’ என்றெல்லாம் வருகிறது. ரகசியக் குறியீடா?

இல்லை, கரையோரப் பீரங்கிப் படையின் அன்றாடப் பேச்சு. பி.ஓ.பி. என்றால் பேட்டரியின் கண்காணிப்பு நிலையம். கப்பலின் தூரத்தையும் திசையையும் அளந்து பீரங்கிக்குச் சொல்வது அங்கிருந்துதான். டி.ஈ.எல். கடற்பரப்பில் ஒளி பாய்ச்சும் தற்காப்பு மின்விளக்கு. அதையே பிற்காலத்தில் சி.ஏ.எஸ்.எல். என்றார்கள். துறைமுகத்துக்குள் வரும் கப்பலை நிறுத்திச் சோதித்து உள்ளே விடுவது ‘எக்ஸாமினேஷன் சர்வீஸ்’. அடையாளம் காட்டாத கப்பலை மிரட்ட ஒரு பீரங்கி எப்போதும் தயாராக இருக்கும். அந்த வாயிற்காவலோடு தொடர்புள்ள கடற்படை அதிகாரிதான் எக்ஸ்.டி.ஓ. ‘நேற்று இரவு முழுக்க லைட்ஸ்’ என்று எழுதியிருந்தால் விருந்து விளக்கு இல்லை, தேடொளிப் பயிற்சி.

தேதி இல்லாத கடிதத்துக்கு எப்படித் தேதி கண்டுபிடிப்பது?

கிழமை மட்டும் போட்டு எழுதும் பழக்கம் அதிகம். ‘ஞாயிறு மாலை’ என்று இருந்தால் உள்ளே வேறு பிடிப்புகளைத் தேடுங்கள். நிலவு நல்ல பிடிப்பு. தேடொளி விளக்கோடு வேலை செய்பவர்கள் நிலவைப் பற்றி எழுதாமல் இருப்பதில்லை, தணிக்கையும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பழைய பஞ்சாங்கம் இருந்தால் பௌர்ணமியைப் பார்த்துவிடலாம். 1941 டிசம்பரில் முழுநிலா 3ஆம் தேதியை ஒட்டி வந்தது. மலாயாவில் போர் தொடங்கிய 8ஆம் தேதி திங்கட்கிழமை.

தபால் முத்திரையைப் படிக்கும்போது யாருடைய ஆட்சியின் முத்திரை என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் முத்திரை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். ஜப்பானியர் காலத்து முத்திரை ஆண்டு, மாதம், நாள் என்று போகும், ஆண்டும் ஷோவா கணக்கில், அதாவது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில், இருக்கும். 17.10.5 என்று இருந்தால் அது 1905ஆம் ஆண்டு அக்டோபர் 17 அல்ல. ஷோவா 17உடன் 1925ஐக் கூட்டினால் 1942. ஆக, 1942 அக்டோபர் 5. ஸ்டாம்பின் மேல் 2602, 2603 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660ஐக் கழியுங்கள்: 1942, 1943.

நேரத்திலும் குழப்பம் வரும். ஜப்பானியர் மலாயாவின் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ‘ஏழரைக்கும் இருட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தால் காலையைச் சொல்கிறார்.

முதல் உலகப் போர்க் கடிதத்தையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ‘குரூசர் துறைமுகத்துக்குள்ளேயே வந்து சுட்டது’ என்று இருந்தால் அது 1914 அக்டோபர் 28. சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அன்று பினாங்கில் ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலையும் பிரான்சின் மூஸ்கே கப்பலையும் மூழ்கடித்தது. பத்து மவுங் அரண் அப்போது கிடையாது.

பினாங்கிலிருந்து லண்டனுக்கு விமானத்தபால் இருந்ததே. பிறகு ஏன் மாதக்கணக்கில் ஆனது?

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. அதற்குப் பிறகு விமானத்தபால் குதிரை லாடம் போல் வளைந்து போனது: சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ வழியாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை விமானத்தில், அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில். கப்பல் மூழ்கினால் தபாலும் போனது. ஆகவே ‘உன் ஜூன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது’ என்று அக்டோபரில் எழுதியிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பதில்களைப் பொருத்தும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் வையுங்கள். கேள்வி ஒரு கடிதத்திலும் பதில் ஆறு கடிதம் தள்ளியும் இருக்கும்.

1941 டிசம்பரோடு கடிதங்கள் நின்றுவிடுகின்றன. என்ன நடந்தது?

கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகளுக்குக் கடலில் இலக்கே வரவில்லை. ஜப்பானியப் படை வடக்கிலிருந்து தரை வழியாக இறங்கியது, விமானங்கள் வானிலிருந்து வந்தன. பினாங்கில் விமான எதிர்ப்புப் பீரங்கி இல்லை. டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன்மீது விழுந்த குண்டுகளில் நகரமே குலைந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் 13ஆம் தேதி இரவிலேயே வெளியேற்றப்பட்டார்கள். காவற்படை 16ஆம் தேதி இரவோடு இரவாகக் கிளம்பியது. ஆசிய மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிற அவசரத்தில் வானொலி நிலையத்தையும் துறைமுகத்துச் சிறு படகுகளையும் அழிக்காமல் விட்டுப்போனார்கள். அந்தப் படகுகள் பிறகு ஜப்பானியருக்கு உதவின.

நகரைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க்காரர்கள் ஒரு சேவைக் குழு அமைத்தார்கள். தலைமை வகித்தவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கச் செய்தவரும், படை போய்விட்டது, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவித்தவரும் அவர்தான். ஜப்பானியர் 19ஆம் தேதி தீவுக்குள் வந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிதங்களில் இந்தப் பக்கம் வராது. வராததால் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அதிகாரியின் கட்டை மட்டும் வைத்துப் பினாங்கின் டிசம்பரை எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

தளபதியின் டிசம்பர்க் கடிதம் ஒன்று இருந்தால் அது எங்கிருந்து தபாலில் சேர்ந்தது என்று பாருங்கள். பினாங்கை விட்டுப் போன படை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது, முத்திரையும் சிங்கப்பூருடையதாக இருக்கலாம்.

பிறகு 1943இல் ஓர் அட்டை மட்டும் இருக்கிறது. அச்சடித்த வரிகள், சில வார்த்தைகள் தட்டச்சில்.

போர்க்கைதி அட்டை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டிருக்கிறார். தலைப்பில் ஜப்பானியப் பேரரசு ராணுவத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். ‘உடல்நலம் மிக நன்று / வழக்கம்போல் / மோசம்’, ‘கூலிக்கு வேலை செய்கிறேன் / செய்யவில்லை’ என்று அச்சிட்ட வரிகளில் வேண்டாததை அடிக்க வேண்டும். இன்னொரு வகை அட்டையில் தாமே 25 வார்த்தை எழுதலாம், பெரிய எழுத்தில். ‘மிக நன்று’ என்று இருப்பதை மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எழுதினால் அட்டை போகாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எழுதி ஓராண்டுக்கு மேல் கழித்து வந்து சேர்ந்த அட்டைகள் ஏராளம், அதனால் சேர்ந்த தேதியை வீட்டார் பென்சிலால் குறித்திருந்தால் அழிக்காதீர்கள்.

பதவியை உறுதிசெய்யவும் இந்த அட்டை உதவும். கர்னல்களையும் அதற்கு மேற்பட்ட பதவியினரையும் 1942 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குக் கப்பலேற்றினார்கள், அங்கிருந்து பிற்பாடு மஞ்சூரியாவுக்கு. மேஜரும் லெஃப்டினன்ட் கர்னலும் சாங்கியில் இருந்திருப்பார்கள், அல்லது சயாம் மரண ரயில் பாதைக்குப் போயிருப்பார்கள். அட்டை தைவான் முகாமிலிருந்து வந்திருந்தால் ‘கோட்டைத் துரை’ மேஜராக இருப்பது கடினம்.

வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்கும் அலுவல் அறிக்கைக்கும் வித்தியாசம் என்ன?

அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து ஓர் உதாரணம் நன்றாகப் பொருந்தும். சம்டர் கோட்டையின் தளபதி மேஜர் ராபர்ட் ஆண்டர்சன் சரணடைந்த பிறகு, 1861 ஏப்ரல் 18ஆம் தேதி பால்டிக் என்ற கப்பலிலிருந்து போர் அமைச்சருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 34 மணி நேரம் காத்தது, குடியிருப்புகள் முற்றும் எரிந்தது, வாயிற்கதவுகள் அழிந்தது, வெடிமருந்து அறையைத் தீ சூழ்ந்தது, கையில் நான்கு பீப்பாயும் மூன்று தோட்டாப் பையும் மட்டுமே மருந்து மிஞ்சியது, பன்றி இறைச்சி தவிர உணவு இல்லாதது எல்லாம் ஒரே நீண்ட வாக்கியத்தில் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ‘ஏன் சரணடைந்தாய்’ என்ற கேள்விக்கு முன்கூட்டிய பதில்.

அலுவல் அறிக்கை மேலதிகாரியின் கேள்வியை எதிர்பார்த்து எழுதப்படுவது. வீட்டுக் கடிதம் மனைவியின் கவலையை எதிர்பார்த்து எழுதப்படுவது. இரண்டுமே முழு உண்மை சொல்வதில்லை, ஆனால் மறைப்பது வெவ்வேறு. ஒரே வாரத்து இரண்டும் கிடைத்தால் அருமை. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தென்கிழக்காசியப் பிரிவுகளுக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் தேடுங்கள்.

ஸ்டாம்பின் மேல் சிவப்பில் ஜப்பானிய முத்திரை இருக்கிறது. விலை போகுமா?

போகலாம், ஆனால் முதலில் போலியா என்று பாருங்கள். 1942 மார்ச்சில் பினாங்கில் தபால் திரும்ப ஓடத் தொடங்கியபோது பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ஸ்டாம்புகளில் ஒக்குகாவா, உச்சிபோரி என்ற இரண்டு அதிகாரிகளின் முத்திரைகளைக் கையால் குத்தி விற்றார்கள். கையால் குத்தியது என்பதால் போலி செய்வது எளிது. நிறையச் செய்தும் இருக்கிறார்கள். முத்திரை மை தபால் முத்திரையின் மேலே கிடந்தால், அதாவது பயன்படுத்திய பிறகு குத்தப்பட்டிருந்தால், அது போலி. பத்து மடங்கு உருப்பெருக்கியில் இது தெரியும். அன்றியும் உறையோடு இருக்கும் ஸ்டாம்பு தனி ஸ்டாம்பைவிட நம்பகமானது. கத்தரிக்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

மடிப்பில் முறிகிறது. எப்படிப் பிரிப்பது?

முதலில் எதால் எழுதியது என்று பாருங்கள். ஊதா சாயல் அடிக்கும் பென்சில் எழுத்தானால் அது காப்பியிங் பென்சில். ஈரம் பட்டதும் ஊதா மையாக ஓடிவிடும். அதை வறண்ட நிலையிலேயே, பிரிகிற அளவுக்கு மட்டும் பிரித்துப் படமெடுத்து விட்டுவிடுங்கள். ‘வாஷபிள் ப்ளூ’ வகை நீல மையும் இப்படித்தான்.

கருநீல இரும்பு மை அல்லது சாதாரணப் பென்சில் என்று உறுதியாகத் தெரிந்தால் ஈரக்காற்று கொடுக்கலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த உறிஞ்சுதாள், அதன்மேல் தாளில் தண்ணீர் படாதபடி பிளாஸ்டிக் கம்பித்தட்டு, அதன்மேல் கடிதம். மூடி இரண்டு முதல் நான்கு மணி நேரம். அரை மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருங்கள். தாள் துவண்டதும் எடுத்து, மெதுவாகப் பிரித்து, இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து மேலே கண்ணாடிப் பலகை, அதன்மேல் கனமான புத்தகம் வைத்து ஒரு நாள் விட வேண்டும். இஸ்திரிப்பெட்டி கூடவே கூடாது. ராத்திரி முழுக்கத் தொட்டியில் விட்டால் பினாங்குக் காற்றில் காலையில் பூஞ்சை தயார்.

துருப்பிடித்த ஊசியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஸ்டேப்பிள் என்றால் பின்பக்கக் கால்களை நிமிர்த்தி, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகித் தூக்குங்கள். செல்லோடேப் ஒட்டிய இடம் பழுத்திருந்தால் அப்படியே விடுங்கள். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

இந்த ஊர் ஈரத்தில் எங்கே வைப்பது?

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரும். இங்கே வெளிக்காற்று பெரும்பாலான நாட்களில் 80க்கு மேல். ஆகவே திறந்த அலமாரி உதவாது. இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் படுக்கையறையும் நல்ல இடமில்லை. ஏர்கான் நின்றதும் ஈரம் ஏறும், மறுபடி ஓடினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் தாள் சுருங்கி விரிந்து பலவீனமாகிறது.

எளிய ஏற்பாடு: ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாப் பெட்டி, 10 லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 45 முதல் 55க்குள் நிற்க வேண்டும். 35க்குக் கீழே போனால் தாள் மொறமொறப்பாகிவிடும், ஜெல்லைக் குறையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். கேமராவுக்கு விற்கும் உலர் அலமாரி இருந்தால் இன்னும் நல்லது, ஜெல் தொல்லை இல்லை.

கடிதத்தையும் அதன் உறையையும் ஒன்றாக, ஆனால் உறைக்கு வெளியே, அமிலமில்லாத தாளில் மடித்த ஒரே கோப்பில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பாலியஸ்டர். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். அதன் நெடியிலேயே தெரியும், சில ஆண்டில் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்துவிட்டால் அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்துருண்டை, வேப்பிலை, புகையிலை எதுவும் வேண்டாம். உருண்டையின் ஆவி தாளிலும் பிளாஸ்டிக்கிலும் படிகிறது, இலை கறை போடுகிறது. பூச்சி இருந்தால் கட்டைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோர்க்கும். பூஞ்சை என்றால் முதலில் காயவிட்டு, என்95 முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கும்.

மங்கிய எழுத்தைப் படிக்க வழி உண்டா?

இரும்பு மை என்றால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சின் கீழே கறுப்பாகத் தெரியும். சில விநாடி போதும், நெடுநேரம் காட்டாதீர்கள். பென்சில் எழுத்துக்குப் பக்கவாட்டில் தாழ்வாக விளக்குப் பிடியுங்கள், அழுத்திய பள்ளம் தெரியும். தணிக்கையாளர் கத்தரித்த துளையை ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்கேனும் படியெடுப்பும்?

வண்ணத்தில், 600 டிபிஐ, டிஃப் கோப்பாக. வெற்றுப் பின்பக்கமும், உறையின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். தாளை ஊட்டி இழுக்கும் வகை ஸ்கேனர் கூடாது. கோப்புப் பெயரை 1941-11-03_எண்_பக்கம் என்ற முறையில் வைத்தால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். தேதி ஊகமானால் ஊகம் என்று பெயரிலேயே குறியுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

படியெடுக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். அதிகாரிகள் உள்ளூர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதுவார்கள். அந்தப் பிழையான பெயரே உங்கள் தாத்தாவுடையதாக இருக்கலாம். ‘முத்து’வும் ‘மூட்டு’வும் ஒரே ஆளாக முடியும். படிக்க முடியாததற்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி, வெட்டுப்பட்டதற்கு ‘துண்டிக்கப்பட்டது’ என்று குறியுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பதானால் படியெடுப்பு முடிந்த பிறகு, தனிக் கோப்பில்.

கடிதம் என்னிடம் இருக்கிறது. அச்சிட்டு வெளியிடலாமா?

தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. பிரிட்டிஷ் சட்டப்படி, 1969க்கு முன் இறந்தவர் எழுதி இதுவரை வெளிவராத கடிதத்துக்கு 2039 முடியும்வரை உரிமை நீடிக்கிறது. வாரிசைத் தேட எளிய வழி உண்டு: போரில் இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் பெயரும் பெற்றோர், மனைவி விவரமும் கிடைக்கலாம். தைப்பிங் கல்லறையும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடமும் அதில் அடங்கும்.

நிறுவனத்துக்குக் கொடுப்பதானால் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் இத்தகைய தனியார் கடிதங்களைச் சேர்க்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி உரிமம் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே கொடுத்தாலும் கட்டாகவே கொடுங்கள். ‘முக்கியமான’ பத்துக் கடிதத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவது நடக்கிறது. வெயிலும் நாயும் பற்றிய முப்பது கடிதம் இல்லாமல் அந்தப் பத்தில் எது திடீர் மாற்றம் என்று யாருக்கும் தெரியாது. டின்னையும் கொடுக்கலாம், ஆனால் தனியாக: துரு தாளுக்கு ஆகாது.